கழருமோ என்று கேட்டவர்

அந்தத் திங்கட்கிழமை பட்டறையில் நின்றவர்கள் இவர்கள்.

துவக்குப் பட்டறை முதலாளி, துப்பாக்கி திருத்துகிறவர். வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து தையல் பிரித்து எட்டு நாள். நிற்க ஏலாமல் ஸ்டூலில் இருந்தார்.

முதலாளியின் மனைவி. கடைப் பக்கக் கதவில் சாய்ந்து நின்றார்.

சீஸ் என்கிற பாற்கட்டி செய்கிற ஒருவர். அவர்தான் வேட்டைக்காரர். தொப்பியைக் கழற்றவில்லை.

அவருடைய நாய். நனைந்திருந்தது.

நான்.

பிறகு அவர்.

மேசையில் துவக்குக் கிடந்தது. அதன் மேல் பூட்டியிருந்த தொலைநோக்கிக் கண்ணாடியை முதலாளி கழற்றி ஒரு துணியில் வைத்திருந்தார். கண்ணாடியைத் தாங்குகிற இரும்பையும் கழற்றியிருந்தார்.

என்ன நடந்தது என்று சொல்லமுதல் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவருக்குப் பெயர் எழுதுவது பிடிக்காது.

எண்பதுகளின் நடுவில் நானும் அவரும் சுவிஸ் மலையூரான டாவோசில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினோம். அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு அப்போது கிடைத்த வேலை அதுதான். பேக்கரிக்கு மேலே கூரையறை. இரண்டு கட்டில். அவர் ஒன்றில், நான் ஒன்றில். நான் தோட்டக்காரன். வெங்காயம், புகையிலை. ஐந்தாம் வகுப்போடு சரி. அவர் கடற்கரை ஆள். யாழ்ப்பாணத்துக்கு வடக்கே ஒரு கரையில் படகு எஞ்சின் திருத்தினவர். என்னைவிட ஏழு வயது மூப்பு. என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் ஐசே என்பார்.

அறைக்கு வந்த முதல் நாளே கட்டிலைப் புரட்டினார். நாலு காலிலும் இருந்த திருகாணிகளைக் கழற்றி, கிறீஸ் பூசி, திரும்பப் பூட்டினார். என்னுடைய கட்டிலையும் அப்படியே செய்தார். நான் கேட்கவில்லை. பிறகு ஜன்னல் கீல். பிறகு மேசையில் இழுக்கிற லாச்சி. அறையில் ஒரு தகரப்பேணியில் எப்போதும் கிறீஸ் இருக்கும். சின்ன விரல் நுனியால் தொட்டு எடுப்பார். அதற்கு மேல் எடுக்க மாட்டார்.

யாராவது ஒரு பொருளைப் பொருத்தினால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"கழருமோ?"

பலமாக இருக்குமா, நேராக இருக்குமா என்று கேட்க மாட்டார். பொருத்தினது ஒரு நாள் கழர வேண்டும். கழராதது வேலை இல்லை. இது அவருடைய கணக்கு. கீழ் அறைகளில் இருந்த எங்கள் நாட்டு இளம் பெடியள் அவருக்குக் கழருமோ அண்ணை என்று பட்டம் வைத்தார்கள். அவருக்கு முன்னாலேயே சொல்வார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

போத்தல் மூடியை இறுக்க மாட்டார். ஜெனீவாவில் இருந்த என் மச்சான் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் தந்துவிட்டான். ரயிலில் திரும்பி வரும்போது அவர் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு மூடியை வழக்கம்போல வைத்தார். பை மேல் தட்டில் இருந்தது. கீழே ஒரு வெள்ளைக்காரி வெள்ளை மேற்சட்டையோடு இருந்தாள். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. அவள் எழும்பும்போதுதான் தெரிந்தது. டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். இவர் அவளுடைய மேற்சட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"நல்லெண்ணெய். கறை போகாது. ஆனா அந்தப் பொத்தான் இனி இறுகாது."

கயிறு கட்டினாலும் இழுத்தால் அவிழ்கிற முடிச்சுத்தான். சப்பாத்து, சூட்கேஸ், சீனிப்பை எல்லாம் அப்படி. சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். அவர்களுடைய படம் மேசையில் கிளாசில் சாய்த்தபடி நிற்கும். காற்றடித்தால் விழும். எடுத்து நிறுத்துவார்.

ஏன் இப்படி என்று ஒரு தரம் கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இருந்தோம். நாலைந்து கிழங்கு உரித்தார். பிறகு சொன்னார். ஒரு முறை அவர் திருத்திக் கொடுத்த எஞ்சினோடு இரண்டு பேர் கடலுக்குப் போனார்கள். நடுக்கடலில் நின்றுவிட்டது. சின்னக் கோளாறு. மூடியைக் கழற்றினால் கால்மணி வேலை. மூடியின் ஆணி உப்பில் இறுகிக் கழரவில்லை. திருகினார்கள். தலை உடைந்தது. மூன்று நாள் நீரோட்டத்தில் போனார்கள். வேறொரு கரைப் படகு கண்டு இழுத்து வந்தது. ஒருவருக்கு அதற்குப் பிறகு சரியாகப் பேச்சு வரவில்லை. அந்த ஆணியைக் கிறீஸ் பூசாமல் பூட்டியது இவர்.

"நான்தான் பூட்டினனான்," என்றார். கிழங்கை எடுத்தார்.

ஹோட்டலில் கோப்பை கழுவுகிற மெஷினில் ஒரு நாள் ஆணி ஒன்று முறிந்து உள்ளே நின்றுவிட்டது. மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இவர் ஒரு சின்ன உளியும் சுத்தியலும் கேட்டார். முறிந்த ஆணியின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டித் தட்டி, எதிர்ப்பக்கம் சுற்றிச் சுற்றி, முழுதாக வெளியே எடுத்தார். ஆணி ஓடுகிற மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹோட்டல் முதலாளி அந்த ஆணித் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய வேட்டைக் கூட்டாளி ஒருவருக்குக் கீழே பள்ளத்தாக்கில் துவக்குப் பட்டறை. ஒரு கிழமையில் அந்த மனுசன் மேலே வந்து இவருடைய கையைப் புரட்டிப் பார்த்தார். மாட்டைப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது எனக்கு.

எங்களுக்குச் சமையலறையும் ஹோட்டலும் தவிர வேறு வேலைக்கு அனுமதி இல்லை. பட்டறை முதலாளி அலுவலகத்துக்கு எழுதினார். இப்படி ஒரு கை எனக்கு இந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கவில்லை என்று எழுதினாராம். ஒரு தாள் வந்தது. ஒரு வருட அனுமதி. அந்த வட்டாரத்தில் எங்களில் நீல ஓவரோல் போட்டு, காலையில் ரயிலேறி, ஒரு தொழிலுக்குப் போன ஆள் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கோப்பை.

பெடியள் சும்மா விடவில்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதைத் துடைக்கப் போறியளோ அண்ணை?"

"இது மலையாட்டுத் துவக்கு," என்றார் அவர். "ஆடு தான் பயப்பிட வேணும்."

அங்கே அவருடைய வேலை துவக்கில் கண்ணாடி பூட்டுவது. அந்த மலையில் வருடத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வேட்டை. மானும், கெம்ஸ் என்று சொல்கிற மலையாடும். வயது போனவர்களுக்குக் கண் தெரியாது. அதனால் அப்பன் காலத்துத் துவக்குக்குக் கண்ணாடி வேண்டும் என்று வருவார்கள். துவக்கின் முதுகில் ஒரு அடித்தட்டு. நாலு ஆணி. அதன் மேல் இரண்டு வளையம். வளையத்துக்குள் கண்ணாடி. பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்துத் துவக்குக்குக் குண்டு பெரிது. உதை பெரிது. ஒவ்வொரு வெடிக்கும் அந்த நாலு ஆணியும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடித்தட்டு ஒரு மயிர் அசைந்தால் நூறு மீட்டர் தள்ளி ஒரு சாண் விலகும்.

தட்டு இரண்டு விதம். ஒன்று, பூட்டினால் பூட்டினதுதான். மலிவு. மற்றது, கண்ணாடியை ஒரு பக்கம் திருப்பினால் வளையத்தோடு கையில் வந்துவிடும். திரும்ப வைத்தால் அதே இடத்தில் போய் உட்காரும். மழை, மூடுபனிப் புகார் என்றால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வெறும் குறியால் சுடலாம். விலை மூன்று மடங்கு.

அவர் எல்லோரையும் இரண்டாவதையே வாங்க வைத்தார். ஜெர்மன் அவருக்குப் பத்துச் சொல் வரும். பத்தும் போதும். கண்ணாடியைத் திருப்பி எடுப்பார். வேட்டைக்காரனின் கையில் கொடுப்பார். திரும்ப வாங்கி வைப்பார். க்ளிக் என்று ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே வேதக்கோயில் கோபுரத்தில் மணிக்கூடு இருந்தது. குறியைப் பன்னிரண்டில் வைத்துக் காட்டுவார். எடுப்பார். வைப்பார். மறுபடி பார்க்கச் சொல்லுவார். அதே பன்னிரண்டு.

"கழருது. திரும்பி வந்தா அதே இடம்," என்று எனக்கு ஒரு நாள் சொன்னார். அவர் ஒரு பொருளைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்.

கண்ணாடி எவ்வளவு முன்னுக்கு, எவ்வளவு பின்னுக்கு என்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வேட்டைக்காரனைக் கண்ணை மூடச் சொல்லுவார். மூடியபடி துவக்கைத் தோளில் வைக்க வேண்டும், கன்னத்தைச் சாய்க்க வேண்டும். பிறகு கண்ணைத் திறக்கலாம். வட்டம் முழுதாகத் தெரிந்தால் சரி. ஓரத்தில் கறுப்புத் தெரிந்தால் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்துவார். கண்ணைத் திறந்துகொண்டு வைத்தால் மனுசன் கண்ணாடியைத் தேடிக் கழுத்தை வளைத்துவிடுவான், மலையில் ஆடு நிற்கும்போது கழுத்தை வளைக்க நேரம் இல்லை. இதை அவர் கையாலேயே விளங்கப்படுத்தினார். பெரிய மீசை வைத்த மனுசர் எல்லாம், ஒரு கறுத்த மனுசன் சொன்னதுக்கு, பட்டறை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு வருடம் வளையமும் கண்ணாடியும்தான் அவருடைய பங்கு. அடித்தட்டை முதலாளி தன் கையால் பூட்டுவார். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தட்டையும் ஆணியையும் துவக்கின் முதுகையும் துடைப்பார். காயவிடுவார். ஆணியில் ஒரு துளி பசை. பிறகு இறுக்குவார். எண்ணெய் கிட்டவும் வரக்கூடாது. உலர்ந்த இரும்பு உலர்ந்த இரும்பைப் பிடிக்க வேண்டும். இதை அந்த மனுசன் வாயால் சொல்லவில்லை. அவரும் கதை குறைந்த ஆள். செய்து காட்டினால் போதும் என்று நினைத்திருப்பார்.

அனுமதித் தாளை அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். அந்த ஓகஸ்டில் முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று கிழமை. வேட்டைக்கு முந்தின மூன்று கிழமை. பட்டறை நிறையத் துவக்கு. முழு வேலையும் இவர் கையில்.

ஹோட்டல் கூரை திருத்த என்று அந்த வருடம் நேரத்தோடு பூட்டிவிட்டார்கள். எனக்கு வேலை இல்லை. அறையில் தனிய இருக்க மனம் இல்லை. அவரோடு கீழே போய் பட்டறை கூட்டுவேன், துவக்குப் பிடித்துக் கொடுப்பேன். அவரைவிட எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் வரும். அதனால் முதலாளியின் மனைவிக்கும் உதவி.

அடித்தட்டு பூட்டுவதைப் பார்த்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தார். முதலாளி செய்த மாதிரியே. ஆறுதலாக, மூலை மூலையாக. காயவிட்டார். ஆணியை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார். வெறும் இரும்பை வெறும் இரும்புக்குள் திருக அவருடைய கை வரவில்லை. பையில் இருந்து தகரப்பேணியை எடுத்தார். சின்ன விரல் நுனி. தட்டின் கீழே ஒரு பூச்சு. ஆணி நாலுக்கும் ஒரு பூச்சு. மேலே பசைத்துளி. இறுக்கினார்.

என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பத்து வருசத்தால இதைக் கழட்டப்போறவன் என்னைத் திட்டக்கூடாது."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

வேட்டைக்காரர்கள் வந்தார்கள். ஊர்க் குறிக்களத்தில் மூன்று வெடி, நாலு வெடி சுட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நடுவில். அவருடைய தோளில் தட்டினார்கள். மலைக்குப் போனார்கள்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

பாற்கட்டிக்காரர் சொன்னது இது. சனிக்கிழமை விடிய ஒரு கெம்ஸைக் கண்டார். நூற்றி இருபது மீட்டர். நல்ல வெளிச்சம். முன்தோளுக்குக் குறிவைத்தார். குண்டு பின்னங்காலில் பட்டது. ஆடு மூன்று காலில் கற்சரிவைக் கடந்து போய்விட்டது. சனியும் ஞாயிறும் நாயோடு தேடினார். கிடைக்கவில்லை. பிறகு ஒரு பாறையில் தாள் ஒட்டிச் சுட்டுப் பார்த்தார். குறி ஒன்று, குண்டு வேறொன்று. முப்பத்தாறு வருட வேட்டையில் தன் துவக்கால் காயப்பட்டு ஒரு ஆடு போனது இதுதான் முதல் தரம் என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி தட்டின் அடியில் விரலை ஓட்டினார். விரலை வெளிச்சத்தில் பிடித்தார். மினுங்கியது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். இந்தத் தட்டு தொழிற்சாலையில் இருந்து எண்ணெயோடுதான் வந்ததா, துடைக்காமல் விட்டதா, அவரைக் கேள் என்றார். அவர் கேட்ட விதத்தில் ஒரு வழி இருந்தது. தொழிற்சாலை எண்ணெய், துடைக்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது ஒரு துவக்கோடு முடியும். முதலாளி அந்த வழியை வேண்டுமென்றே வைத்தாரோ தெரியாது. அந்த அனுமதி ஒரு தாள். ஒரு முறைப்பாடு போனால் போய்விடும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் தமிழில் சொன்னேன்.

"அண்ணை, மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ. இது ஒண்டுதான் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் சொல்லுறன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாற்கட்டிக்காரரைப் பார்த்தார். தன்னுடைய பத்துச் சொல்லில் மூன்றை எடுத்தார்.

"ஃபெட்," என்றார். கிறீஸ். நெஞ்சில் கையை வைத்தார். "இஹ்." நான். பிறகு சுவரில் வெறுமையாக இருந்த துவக்குத் தாங்கிகளை எல்லாம் கையால் காட்டினார்.

"அல்லே."

எல்லாம்.

முதலாளியின் மனைவி கையால் வாயைப் பொத்தினார். அதில் விளங்கப்படுத்த எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு துண்டு எழுதி வைத்திருந்தார்கள். எடுத்து எண்ணினோம். பதின்மூன்று. ஒன்று மேசையில். பன்னிரண்டு மலையில். மலைக் குடிசைகளில் தொலைபேசி இல்லை. முதலாளிக்கு நடக்க ஏலாது. வண்டி போகிற இடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் மனைவி வண்டி ஓட்ட, முதலாளி போனார். மற்ற ஏழுக்கும் எங்கள் கால்தான்.

அதற்கு முன்னம் இவர் ஆட்டைத் தேடிப் போனார். செவ்வாய்க்கிழமை பாற்கட்டிக்காரர் நாயோடு திரும்பப் போக, இவர் பின்னால் நடந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை அந்த மனுசன். நானும் போனேன். ஒரு நாள் முழுக்க நடந்தோம். ஒரு ஓடைக் கல்லில் காய்ந்த இரத்தம், நகத்தளவு. அதற்கு மேல் நாய்க்கும் மணம் கிடைக்கவில்லை. பாற்கட்டிக்காரர் குந்தியிருந்து பேக்கரிப் பாணும் பாற்கட்டியும் வெட்டி எங்களுக்கும் தந்தார். மலையைக் காட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று இவர் கேட்டார்.

"மூண்டு காலோட பனி வரைக்கும் இருக்குமாம்."

பாணைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். தின்னவில்லை. திரும்ப வரும் வழியில் நாய்க்குக் கொடுத்தார்.

புதன்கிழமை தொடங்கினோம். ஸ்பிரிட் போத்தல், துணி, பசை, ஸ்குறூட்றைவர் இரண்டு. வேட்டைக் காலத்தில் மலையில் நடந்தால் மான் என்று சுட்டுவிடுவார்கள் என்று முதலாளியின் மனைவி பயந்தார். இரண்டு சிவப்பு மேசைவிரிப்பைத் தந்தார். முதுகில் கட்டிக்கொண்டு போனோம்.

முதல் குடிசையில் இரண்டு சகோதரர்கள், இருவருக்கும் ஒரு துவக்குத்தான். எங்களைக் கண்டதும் ஒருவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். சிரித்தார்கள். கீழே கலியாணம் முடிந்து மணப்பெண் ஓடிவிட்டாளா, மேசைவிரிப்போடு தேடுகிறீர்களா என்று கேட்டார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பசை காய ஒரு இரவு வேண்டும். அதாவது ஒரு நாள் வேட்டை போச்சு. மூன்று கிழமைக்காக வருடம் முழுக்கப் பார்த்திருக்கிற ஆட்கள். ஒருவன் எழும்பி வெளியே போனான். இவர் வாசலில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்து தட்டைக் கழற்றினார். துடைத்தார். வெயிலில் வைத்தார். திரும்பத் துடைத்தார். வெறும் ஆணியைத் திருகும்போது அவருடைய தாடை இறுகியிருந்தது. முடிந்ததும் தங்களுடைய சூப்பில் எங்களுக்கும் ஊற்றினார்கள்.

இரண்டாவது ஆள் துவக்கை நீட்டிவிட்டு விறகு கொத்தப் போனார். மூன்றாவது ஆள் நிறையப் பேசினார், எனக்குப் பாதி விளங்கவில்லை. நல்லதுக்கு.

நாலாவது ஆள் விடவில்லை. இந்தத் துவக்கால் முந்தாநாள் ஒரு மான் விழுந்தது, ஒரே வெடி, என் துவக்குக்கு ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்தினார். நான் போவோம் என்றேன்.

"நீர் போம்," என்றார் இவர். "நான் இருக்கிறன்."

வாசலில் குந்தினார். மழை வந்தது. சிவப்பு விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தினார். நான் போகவில்லை. இரண்டு மணித்தியாலம் இருக்கும். அந்த மனுசன் கதவைத் திறந்து, பேசிக்கொண்டே துவக்கை நீட்டினார். இவர் வாங்கவில்லை. மனுசனுடைய பெருவிரலைப் பிடித்தார். அந்த நகத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். இரும்பில் புதுக்கோடு ஒன்று, மினுக்கமாய், ஒரு மயிரளவு. தட்டு நகர்ந்த தடம். மனுசன் தன் நகத்தைப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார்.

மற்ற மூன்றும் அப்படி அப்படி. ஒருவர் தானே செய்கிறேன் என்று சாமானை வாங்கினார். இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒருவருடைய குடிசைக்கு இரண்டு தரம் ஏறினோம், முதல் தரம் ஆள் இல்லை. கடைசி ஆள் பனிமலைக்குக் கிட்ட. புகாருக்குள் கைதட்டிக் கைதட்டிப் போனோம், மான் இல்லை என்று தெரியட்டும் என்று. பதினொரு நாள் எடுத்தது. அந்தப் பதினொரு நாளும் அவர் என்னோடு பேசியதை ஒரு தாளில் எழுதலாம்.

அந்த வருடம் வேறு ஒரு மிருகமும் காயத்தோடு போகவில்லை. முதலாளி ஆட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இவரிடம் வந்து சொன்னார். பிறகு ஒரு துவக்கையும் ஒரு அடித்தட்டையும் அவருக்கு முன்னால் வைத்தார். தான் பக்கத்தில் நிற்கவில்லை. கடைப் பக்கம் போய்விட்டார். இவர் அதைக் காய்ந்த ஆணியால் பூட்டினார்.

ஒக்டோபரில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அகதிகள் வேட்டைக் காலத்தில் மலையில் திரிகிறார்கள், வேட்டைக்காரரின் துவக்கில் கை வைக்கிறார்கள் என்று. எழுதியது யார் என்று முதலாளிக்குத் தெரியும். சொல்லவில்லை. பாற்கட்டிக்காரர் இல்லை என்று மட்டும் சொன்னார். முதலாளி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் போனார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார். இரண்டாம் தரமும் போனார். விதி விதிதான். சமையலறை, ஹோட்டல்.

அனுமதியை வெட்டின தாள் வந்த அன்று முதலாளியின் மனைவி அதை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். இவர் ஓவரோலைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். கிறீஸ் பேணியை எடுக்கவில்லை. ரயிலில் வரும்போது ஒன்று கேட்டார்.

"பதின்மூண்டும் சரிதானே?"

"ஓம் அண்ணை."

டிசம்பரில் ஹோட்டல் திறந்தது. நான் கழுவ அவர் துடைத்தார். பெடியள் பட்டம் சொல்வதை விட்டுவிட்டார்கள். அது அவருக்குத் தெரிந்திருக்கும். பெரும் பனி விழுந்த நாள், பின்கதவைத் திறந்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறைக்குள் குளிர் வந்தது. ஷெஃப் கத்தினார். கதவைச் சாத்திவிட்டு வந்து கோப்பையை எடுத்தார்.

நான் அவரைப் பற்றி யாருக்கும் சொன்னதில்லை. அவர் மறந்துபோனேன் என்று சொல்லியிருந்தால் தொழிலில் இருந்திருப்பார். அந்த யோசனை சொன்னவன் நான். இன்றைக்கும் அதைப் பிழையான யோசனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு துவக்கையும் நினைத்தால் சரியான யோசனை என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஓகஸ்டில் பட்டறை முதலாளி மேலே வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஷெஃப்பிடம் கேட்டு இவரை வெளி வாங்குக்குக் கூட்டிப் போனார். சட்டைப் பையில் இருந்து ஒரு அடித்தட்டை எடுத்துக் கொடுத்தார். இவர் நகத்தை ஓட்டிப் பார்த்து, நல்லது என்றார். முதலாளி அதைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். அலுவலகத்தில் திரும்ப அனுமதி கேட்டு, அவர்கள் மறுத்த பிறகுதான் வந்திருக்கிறார். இருவரும் கோப்பி குடித்தார்கள். முதலாளி ரயிலுக்குப் போனார். இவர் உள்ளே வந்தார். அதற்கு அடுத்த ஓகஸ்டிலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும்.

பிறகு இவர் ஆராவ் என்ற ஊர்ப் பக்கம் போனார். துணி தோய்க்கிற இடத்தில் வேலை என்று கேள்வி. விலாசம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. குடும்பம் வந்து சேர்ந்ததா என்று தெரியாது. இவர் போனது தெரியாமல் முதலாளி அந்த வருடமும் மேலே வந்தார். நான்தான் வெளியே போய்ச் சொன்னேன். அந்த மனுசன் வாங்கில் உட்கார்ந்து கோப்பியைக் குடித்து முடித்தார். அன்றைக்கும் அலுவலகம் போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

முதல் வருடம் அலுவலகத்துக்கு இரண்டு தரம். பிறகு ஓகஸ்டுக்கு ஒன்றாக நாலு.

ஆறு தரம்.